ஒரே பேட்டரி

இன்று காலை பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் என் கடை வாசலில் ஜீப்பை நிறுத்தினார். கூரைமேல் மடக்கிய கூடாரம், பின்பக்கம் பெட்டி மாதிரி ஒரு சின்ன ஃப்ரிட்ஜ். மலைக்குப் போய் மூன்று நாள் தங்கப்போகிறாராம். "இதுக்கு ஒரு லைன் குடுங்க. பேட்டரியிலேர்ந்து டைரக்டா குடுத்தா போதும்" என்று சொல்லி மூடியைத் திறந்து காட்டினார். ரப்பரும் பழைய குளிரும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. கையிலிருந்த டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டேன்.

"ரெண்டாவது பேட்டரி போடாம நான் செய்யறதில்ல சார்."

வேறு கடை பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் போய்விட்டார். அதன்பிறகு எந்த வேலையும் ஓடவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இதை உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன்னுடைய ஃப்ரிட்ஜும் அதே வாடைதான் அடிக்கும். அதை நீ வாங்கியதற்குக் காரணம் நம்முடைய முதல் மலைப் பயணம். இன்சுலினை ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் வைத்துக் கொண்டுவந்தாய். இரண்டாம் நாள் மத்தியானம் திறந்து பார்த்தால் ஐஸெல்லாம் கரைந்து, மருந்து வெதுவெதுப்பான தண்ணீரில் மிதந்தது. ஊசி போட்டும் சுகர் இறங்கவில்லை. அலறி அடித்துக்கொண்டு ஆம்பூர் திரும்பினோம். "பச்சத் தோலும் என் மருந்தும் ஒண்ணுடா, சூடு பட்டா போச்சு" என்று வழியெல்லாம் சிரித்தாய். தோல் மண்டியில் இருபது வருஷம் உப்புப் போட்ட தோலைத் தரம் பிரித்தவன், அப்படித்தானே பேசுவாய்.

பயணத்தை நிறுத்திவிடலாம் என்றேன். நீ கேட்கவில்லை. "வாரம் பூரா இந்தத் தோல் வாடையிலயே கெடக்கறேன். மூக்குக்கு லீவு வேணாமா?" அடுத்த மாதமே எங்கிருந்தோ பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றை வாங்கி உன் ஜீப்பில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாய்.

அன்று நீ கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "தனியா ஒரு பேட்டரி போட்டுடு தோஸ்த். வண்டி பேட்டரி வண்டிக்கு, இது இதுக்கு." சரியாகத்தான் கேட்டாய். எலக்ட்ரீஷியன் நான். கடையில் வேலை குவிந்து கிடந்தது. "ரெண்டு நாளு தங்கறதுக்கு அதெல்லாம் இன்னாத்துக்கு? டைரக்டா குடுத்துடறேன்" என்றேன். கையில் கிடைத்த மெல்லிய வயரை இழுத்தேன். வயர் போதாததால் ஃப்ரிட்ஜுக்கு வோல்டேஜ் சரியாகப் போகவில்லை. வண்டி ஸ்டார்ட் ஆக மிச்சம் இருக்கட்டும் என்று, பேட்டரி இறங்கும்போது தானே நின்றுவிடும் வசதி அதில் உண்டு. அது அடிக்கடி ஃப்ரிட்ஜை நிறுத்தியது. தடிமனான வயர் போட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, பேட்டரி எவ்வளவு இறங்கினாலும் நிற்காதபடி கடைசி அளவுக்குத் திருப்பிவைத்தேன். "இப்ப நிக்காது பாரு" என்று உன் முதுகில் தட்டினேன்.

நான்கு பயணம் ஒன்றும் ஆகவில்லை. தினமும் வண்டியை எங்காவது ஓட்டினோம், பேட்டரி ஏறிக்கொண்டது. ஐந்தாவது முறை ஆலங்காயம் தாண்டி, பாதையை விட்டு இறங்கி, வறண்ட ஓடைக்கரையில் கூடாரம் போட்டோம். இடம் உனக்குப் பிடித்துவிட்டது. "எங்கயும் போவேணாம், இங்கயே இருக்கலாம்" என்றாய். இரண்டு நாள் இன்ஜினைத் தொடவே இல்லை.

மூன்றாம் நாள் காலை டீ போட்டுக்கொண்டிருந்தேன். நீ சட்டையெல்லாம் நனைய வியர்த்துப்போய் வந்து உட்கார்ந்தாய். "சுகர் கம்மி ஆயிட்ச்சி போல." சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்தோம். அது சுகர் இல்லை. தாடையைப் பிடித்துக்கொண்டாய், பிறகு இடது கையை. உன்னைத் தாங்கிப் பின்சீட்டில் உட்காரவைத்து, ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன்.

டக். அவ்வளவுதான். இன்னொரு முறை. டக்.

பின்னால் உன் பக்கத்தில் ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வயரைப் பிடுங்கி எறிந்தேன். வண்டி நின்றது பள்ளத்தில். தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்று இறங்கிப்போய்த் தோள் கொடுத்தேன், அசையவில்லை. பார்த்தால் பக்கத்தில் நீ. இறங்கி வந்து நீயும் கை வைத்திருந்தாய். வேண்டாம் என்று சொன்னேன். ஆனால் கத்திச் சொல்லவில்லை, உன்னைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கவும் இல்லை. வண்டி கொஞ்சம் நகர்ந்தது. அந்த ஆசையில் இன்னும் ஒரு நிமிஷம் உன்னைத் தள்ளவிட்டேன்.

போனில் சிக்னல் இல்லை. ஓடிப்போய், பக்கத்துக் கொல்லையில் உழுதுகொண்டிருந்த ஒருவரை டிராக்டரோடு கூட்டிவந்தேன். அதன் பேட்டரியிலிருந்து கம்பி போட்டுத்தான் ஜீப் உயிர் பிடித்தது. எல்லாம் சேர்த்து நாற்பது நிமிஷம். ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவதற்குள் பின்சீட்டிலிருந்து உன் பதில் நின்றுவிட்டது. "சீக்கிரம் வந்திருந்தா பொழச்சிருப்பானா?" என்று டாக்டரைக் கேட்டேன். "சொல்ல முடியாதுங்க" என்றார்.

ஊரில் எல்லோரிடமும், "வழியிலேயே போய்ட்டான்" என்று சொன்னேன். பொய் இல்லை. அதற்குமேல் யாரும் கேட்கவும் இல்லை. உன்னை அடக்கம் செய்த அன்று, நான் பாபி என்று கூப்பிடும் உன் மனைவி என்னைப் பார்த்து, "நல்லவேள அண்ணா, நீங்களாவது கூட இருந்தீங்க" என்றார்கள். இரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை தோறும் உன் வீட்டுக்குப் போவேன். ஃபேன் ரிப்பேர், மோட்டார் ரிப்பேர் என்று எதையாவது செய்துகொடுப்பேன். டீ கொடுப்பார்கள். ஒவ்வொரு வாரமும் அந்த டீயைக் குடித்துவிட்டு, சொல்லாமலே திரும்பி வருவேன்.

போன மாதம் பாபியிடம் சொல்லிவிட்டேன். இரண்டாவது பேட்டரியை நீ கேட்டது, நான் மறுத்தது, மெல்லிய வயர், சாவி, நாற்பது நிமிஷம், நீ வண்டி தள்ளியது, எல்லாம். நான் முடித்ததும் பாபி ஒன்றுதான் கேட்டார்கள்.

"அந்த நேரத்துல அவரு இன்னா பேசினாரு?"

நீ என்னைத் திட்டியிருந்தால் சொல்வது எளிதாக இருந்திருக்கும். டிராக்டரைத் தேடி நான் ஓடப் புறப்பட்டபோது என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாய். உதடு வெளுத்திருந்தது. "பேட்டரி போச்சுன்னு வீட்ல சொல்லாதடா. அடுத்த தடவ விடமாட்டா."

அதை அப்படியே சொன்னேன். பாபி துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்கள். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அவரு சொல்லாதன்னாரு, அதான் சொல்லலயா அண்ணா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்காகவே அந்த வழியைத் திறந்துவிட்ட மாதிரிதான் கேட்டார்கள். ஒரு வார்த்தை போதும், அடுத்த வெள்ளிக்கிழமையும் அந்த வாசற்படி ஏறியிருப்பேன்.

"இல்ல பாபி. பயந்துட்டேன்" என்றேன்.

பாபி எழுந்து உள்ளே போனார்கள். சமையல்கட்டில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வரவில்லை. நானே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு நான்கு வெள்ளிக்கிழமை போய்விட்டது. நான் அந்தத் தெருப்பக்கம் போகவில்லை, அங்கிருந்து யாரும் கூப்பிடவும் இல்லை. உனக்கு ஒரு அடுத்த தடவை இருக்கிறது என்று நீ நம்பிக்கொண்டு இருந்தாய். அதை மட்டும் என்னால் எங்கேயும் இறக்கிவைக்க முடியவில்லை, தோஸ்த்.