கடல் மண்ணில் வடித்த தண்ணீர்

மச்சான்,

நனைந்த சிரட்டைக்கரியின் வாசம் மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

வெள்ளம் வடிந்து நாலு நாள். குழாயில் காற்றுத்தான் வருகிறது. கிணறு முழுக்கப் பால் தேத்தண்ணி நிறம். சீனி போட்டால் கல்முனைக்குடி ஊர் முழுக்கக் குடிக்கலாம். நேற்று என் பெண்சாதி, உங்களைக் காக்கா காக்கா என்று சுற்றிவந்த தங்கச்சி, சொன்னாள்: "வெள்ளம் வந்தா காக்கா பானைக்குள்ள மண்ணும் கரியும் போட்டுத் தண்ணி வடிச்சித் தருவாரே, அப்பிடி ஒண்டு செஞ்சி தாங்களேன்."

நீங்கள் மவுத்தாகி மண்ணுக்குள் போன பிறகு அவள் என்னிடம் வாய் திறந்து கேட்ட முதல் சாமான் அது. விடுவேனா? "பானை என்ன புள்ள, உனக்கு ஒரு குளத்தையே வடிச்சித் தாறன்" என்றேன்.

துளை போட்ட பானை. அடியில் தேங்காய்த் தும்பு, அதற்கு மேல் கூழாங்கல், கரி, மண். தண்ணி கண்ணாடி போலச் சொட்டியது. கொதிக்கவைத்து, ஆறவைத்து, மக்காவிலிருந்து ஸம்ஸம் தண்ணி கொண்டுவந்த ஹாஜியாரைப் போல இரண்டு கையாலும் நீட்டினேன். ஒரு மிடறுதான். துப்பிவிட்டாள்.

"சீ, உப்பு! எந்த மண்ண அள்ளினீங்க?"

கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்க, ஆற்று மண் தேடி மனிதன் போவானா?

நீங்கள் போவீர்கள். கல்யாணம் முடித்துப் பெண்சாதி வீட்டோடு போன பிறகும், வெள்ளம் வந்தால் ஆற்று மண் மூட்டையோடு சைக்கிளில் இங்கு வந்து நிற்பீர்கள். குந்தியிருந்து பிளாஸ்டிக் பேசினில் மண் கழுவுவீர்கள். நான் கதிரையில் சாய்ந்துகொண்டு, "மச்சான், மண்ணக் கழுவுறீங்களா, மையித்துக் குளிப்பாட்டுறீங்களா?" என்பேன். தண்ணி தெளிந்து, கையைத் துடைத்த பிறகுதான், "ரெண்டுக்கும் அவசரம் கூடாது" என்பீர்கள்.

உங்கள் மையித்தைக் குளிப்பாட்டியபோது தண்ணி ஊற்றியது நான்தான். அவசரப்படவில்லை. நீங்கள் சொல்லிக் கேட்டதில் அது ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்தேன். எந்த மண், எத்தனை தரம் கழுவுவது என்பதையெல்லாம் நான் அடுத்த பகிடி சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் சொல்லியிருப்பீர்கள். கொஞ்சம் அதட்டிச் சொல்லியிருந்தால் என்ன, மச்சான்?

இன்று ஆற்று மண்ணே கொண்டுவந்தேன். பத்துத் தரம், என் கணக்கில் பத்தாயிரம் தரம், கழுவியும் கலங்கல் போகவில்லை. "இந்த மண்ணுக்குள்ள ஆறே ஒளிச்சிருக்கு!" என்று கத்தினேன். உங்கள் தங்கச்சி வந்து எதிரே குந்தினாள். பேசினைத் தன் பக்கம் இழுத்தாள்.

"காக்கா தண்ணி தெளியுமட்டும் கதைக்கமாட்டாரு. நீங்களும் வாயப் பொத்திட்டுக் கழுவுங்க."

பொத்தினேன். ஒரு பேசினுக்குள் நாலு கை. தண்ணி மாற்ற மாற்றக் கலங்கல் குறைந்தது. அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எனக்கோ வாய்க்குள் நூறு பகிடி முட்டிக்கொண்டு நின்றது. ஒன்றையும் விடவில்லை, மச்சான். அவ்வளவும் உங்களுக்கென்று அப்படியே வைத்திருக்கிறேன்.