தீபாவளி அன்று போட வேண்டிய பேய்ப் படம்

பாஸ்டன்
4 அக்டோபர் 1986

அன்புள்ள நைனாவுக்கு, குமுதவல்லி வணங்கி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

அம்மா இறந்த வருஷம் என்பதால் தீபாவளி கிடையாது, அன்றைக்கு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துப் பேய்ப் படம் பார்க்கப்போகிறோம், எது நல்லது என்று தம்பி கேட்டிருந்தான். இங்கேயும் மாதக் கடைசியில் பேய்களுக்கென்று ஒரு பண்டிகை. வீட்டிலேயே உட்கார்ந்து பேய்ப் படம் பார்ப்பார்கள். என்னோடு தங்கியிருக்கும் பெண் இப்போதே ஒரு கேசட் கொண்டுவந்தாள். செத்துப்போன தாய் தன் வீட்டுக்கே திரும்பி வருகிறாள். பிள்ளைகள் மந்திரம் சொல்லி விரட்டுகிறார்கள். நான் பாதியில் எழுந்து போய் வெங்காயம் நறுக்கினேன். இந்த ஊர் வெங்காயத்துக்குக் காரம் அதிகம்.

செஞ்சிக் கொட்டகையில் இப்படி ஒரு படம் பார்த்தபோது, "இன்னாத்துக்குடா தொரத்துறீங்க? பசியோட வந்திருக்குது, ஒரு வாய் சோறு போடுங்கடா" என்று அம்மா சத்தமாகச் சொன்னாளே. கொட்டகையே சிரித்தது.

பேயே இல்லை, எல்லாம் திருடன் வேலை என்று முடிகிற படமாகத் தம்பி எடுக்கட்டும். விரட்டுகிற படம் நம் வீட்டில் ஓட வேண்டாம்.

அம்மா அரைத்துவைத்த மிளகாய்த்தூள் மிச்சமிருந்தால் எனக்குக் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும் எழுதுங்கள், நைனா. அம்மா உங்கள் கனவில் வருகிறாளா? எனக்கு இதுவரை வரவில்லை. அவலூர்பேட்டைச் சந்தைக்கு அப்பால் தனியாகப் போய் அவளுக்குப் பழக்கமில்லையே.

உங்கள் மகள்
குமுதவல்லி