ஏழாவது கேள்விக்கு எழுதிய ‘இல்லை’

செவ்வாய், இரவு.

அம்மா நித்திரை. அப்பா மீன்பிடிக்கக் கடலில். குசினி வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

இரண்டு மாதமாக அம்மாவுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. நாளைக்கு ஆஸ்பத்திரி. நேற்று அம்மா படிவத்தை என்னிடம்தான் நிரப்பத் தந்தார். ஏழாவது கேள்வி: குடும்பக்கட்டுப்பாடு ஏதாவது செய்தீர்களா? அம்மாவின் முகம் மாறியது. தம்பி பிறந்த பிறகு, இனிப் பிள்ளை உண்டாகாமல் இருக்க, ஒரு டொக்டர் ஓபரேஷன் இல்லாமல் கருப்பைக்குள் ஏதோ மாத்திரை, குளிசை வைத்தாராம். அப்பாவுக்குத் தெரியாதாம்.

“இல்லை எண்டு போடு பிள்ளை. கொப்பர் வாசிச்சால் என்ர கதை முடிஞ்சுது.”

“டொக்டருக்காவது சொல்லுங்கோவன் அம்மா.”

“ஓம், நீதான் பெரிய டொக்டர்! போடு.”

போட்டேன். மனம் கேட்கவில்லை. இன்று பள்ளிக்கூடம் விட்டதும் கிளினிக்கில் நேர்ஸ் மிஸ்ஸியிடம், சிநேகிதியின் அம்மாவுக்கு என்று சொல்லிக் கேட்டேன்.

“அந்தக் குளிசையால பிற்காலம் புற்றுநோய் வருமோ எண்டு நிச்சயமாச் சொல்லேலாது மகள். வராமலும் போகலாம். ஆனா இரத்தம் போகுதெண்டால் டொக்டருக்குக் கட்டாயம் சொல்ல வேணும்.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “சிநேகிதியின்ர அம்மாவோ?”

நான் ஓடி வந்துவிட்டேன்.

படிவத்தைத் திருத்தினால் அப்பா காண்பார். விடியக் கரைக்கு வந்து அவரும் கூடப் போகிறார். அதனால் குளிசை விஷயத்தைக் கொப்பித்தாளில் எழுதி, ‘டொக்டருக்கு மட்டும்’ என்று மடித்து, அம்மாவின் கிளினிக் கொப்பிக்குள் இப்போதுதான் வைத்தேன்.

அம்மாவுக்குத் தெரிந்தால் எனக்கு அடி விழும். அடிக்கட்டும். உயிரோடு இருந்து அடிக்கட்டும்.