தம்பியின் கையால் கட்டிய வரி

மகள் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து, ஒரு பக்கத்தை விரித்துச் சமையலறை மேசையில் வைத்தாள். "அப்பா, இது உங்கட ஃப்ரெண்ட் சொன்ன ஸ்டோரிதானே?" என்றாள். நீரும் நானும் நாள்தோறும் துடைத்த கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பாப்பிரஸ் நாணல்தாள் துண்டுகளின் படம் அதில் இருந்தது. உம்மை அடக்கம் செய்து இன்னும் ஐந்து மாதம் ஆகவில்லை. அந்தப் பக்கத்தை வாசித்து முடித்து, தேநீரைத் தள்ளிவைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன்.

நாம் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் ஒரே அறையில் ஆறு பேர் படுத்த காலம் அது. பின்னேரங்களில் சப்வே பிடித்துப் போய்ப் பல்கலைக்கழகத்தில் நிலம் துடைத்தோம். கத்தோலிக்கக் குருமடத்தில் கிரேக்கம் படித்துவிட்டு, குருப்பட்டம் பெறாமல் வெளியேறியவர் நீர். மொப்பைச் சுவரில் சாத்திவிட்டு அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிடுவீர். உம்முடைய பங்கையும் நான்தான் துடைப்பேன். ஈராயிரம் வருடத்துக்கு முந்திய எகிப்திய விவசாயி ஒருவன் தலைவரி கட்டியதற்குக் கிரேக்கத்தில் எழுதிய சீட்டுகள், நான்கு வருடத்துக்கு நான்கு. அவற்றின் கிரேக்கத்தைக் கீழே அச்சில் போட்டிருந்தார்கள். பெயர் அண்ணனுடையது, கட்டியது தம்பியின் கையால். அண்ணன் வசதியான ஆள், அதனால் தம்பியை அனுப்பியிருக்கிறான் என்று பேராசிரியர் விளக்கம் எழுதி ஒட்டியிருந்தார்.

"உந்த மனிசனுக்கு ஒண்டும் விளங்கேல்லை," என்றீர். "நாலு வருசமும் தம்பிதான் கட்டியிருக்கிறான். ஆள் ஊரிலை இல்லை, ஐசே. வரி குடுக்கேலாமல் ஓடிட்டான். என்ரை தம்பியும் கோயில் பெருநாள் வரியை என்ரை பேரிலைதான் கட்டுறான். கட்டாட்டி பேரை வெட்டிப்போடுவாங்கள்."

உங்கள் ஊரான கரையூரில், தேவாலயப் பெருநாளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வரி கொடுப்பவன்தான் ஊரவன். இந்த வழக்கம் அந்தப் பேராசிரியருக்கு எப்படித் தெரியும்? உமக்குத் தெரிந்தது. அதைப் பேராசிரியருக்கு இரண்டு பக்கக் கடிதமாக ஆங்கிலத்தில் எழுதி, அடியில் பெயரையும் போட்டீர்.

நான்தான் தடுத்தேன். "பேரைப் போடாதையும். அகதிக் கேஸ் முடியேல்லை. உந்தக் கடிதம் ஆற்றை கைக்குப் போகுமோ, ஆருக்குத் தெரியும்?" என்றேன். ராணுவம் பெயர்ப் பட்டியலோடு வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போன இடத்திலிருந்து வந்தவர்கள் நாம். நீர் பெயர் இருந்த அடித் துண்டைக் கிழித்தீர். கடிதத்தைப் பேராசிரியரின் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

இப்போது அந்தப் பேராசிரியரின் புத்தகத்தில் முழு அத்தியாயமே இருக்கிறது. அண்ணன் ஊரைவிட்டு ஓடியவன் என்பதைத் தானே கண்டுபிடித்ததாக எழுதியிருக்கிறார். பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில் ஒரு குறிப்பு: பெயரில்லாத ஒரு கடிதமும் இதே கருத்தைச் சொன்னதாம், ஒரு மாணவர் எழுதியிருக்கக்கூடுமாம். மாணவர்! தன் அறைக் குப்பையை அள்ளியவன் எழுதியிருப்பான் என்று அந்த மனிதருக்கு ஒரு கணமும் தோன்றவில்லை.

உம்மேலும் எனக்குக் கோபம்தான். கேஸ் வென்ற பிறகாவது பேராசிரியரிடம் போயிருக்கலாம். ஒஷாவாவில் வீடு வாங்கி, பிள்ளைகள் வளர்ந்த பிறகாவது போயிருக்கலாம். கேட்டபோதெல்லாம், "விடும் ஐசே, அந்த அண்ணன்காரன் ஓடினது தெரிஞ்சால் காணும்," என்று சிரித்தீர். எனக்கு அது போதாது. உம்முடைய பெயரைக் கிழிக்கவைத்த வாய் என்னுடையது என்பதை நினைக்கும்போது பேராசிரியரைத் திட்டுவதற்குக்கூட நா எழவில்லை.

அதனால், உம்முடைய பெயர் ஓரிடத்திலாவது நிற்கட்டும் என்று, ஊரில் உங்கள் கோயில் வரிக்கணக்கைப் பார்க்கும் மூப்பருக்கு ஃபோன் எடுத்தேன். உம்முடைய தம்பி காலமான பிறகு பெருநாள் வரியை இங்கிருந்து நீரே அனுப்பிவந்தீர். அடுத்த மாதம் பெருநாள். உம்முடைய பெயரை இந்த வருடம் வெட்டப்போவதாகச் சொன்னார்.

"செத்த ஆக்களுக்கு வரி இல்லை, அண்ணை."

நான் சைவக்காரன், உங்கள் கோயில் வாசலை மிதித்தவனுமல்ல. ஆனாலும் சத்தம் போட்டேன். "செத்தவர் எண்டு எழுதாதேங்கோ. ஆள் ஊரிலை இல்லை எண்டு எழுதுங்கோ. காசு நான் அனுப்புறன்."

மூப்பர் கொப்பியைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஓம் அண்ணை. ஆர் கட்டினதெண்டு போட?" என்று கேட்டார். என் முழுப்பெயரையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

மூப்பர் எழுதிய வரிச் சீட்டின் படம் ஃபோனில் வந்திருக்கிறது. மேலே உம்முடைய பெயர், கீழே என் கையால் கட்டியது என்று என் பெயர். அச்செடுத்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அந்தப் பேராசிரியர் கிழவராகிவிட்டாராம், இன்னும் அதே அறைதானாம். கடிதம் எழுதியவரின் பெயரைச் சொல்லத் திங்கட்கிழமை அங்கே போகிறேன். இந்தமுறை கதவைத் தட்டுவேன்.