மை இல்லாத விரல்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. கோட்டு உனக்கு நன்றாக இருக்கிறது.

அமெரிக்க அதிபரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை, மாநிலவாரியாகத் தேர்வாளர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று போன வாரம் ஃபோனில் விளக்கினாய். நடுவில் இரண்டு தடவை “எங்க ஸ்டேட்ல” என்றாய்.

மேல்மாடி ரேமண்ட் அங்கே படித்தவன். அவனிடம் பொதுவாக விசாரித்தேன். “கிரீன் கார்டு வச்சிருந்தா ஓட்டுப் போட முடியாது லா அங்கிள். சிட்டிசனா இருக்கணும்” என்றான். மலேசியா இரண்டு குடியுரிமைக்கு இடம் கொடுக்காது என்பது உனக்குத் தெரியாததில்லை.

நீ அங்கே ஓட்டுப் போட்டிருப்பாயோ என்று அம்மாவுக்கும் சந்தேகம். படத்தைப் பெரிதாக்கி உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இங்கே பிரிக்பீல்ட்ஸில் ஓட்டுப் போட்டபோது அவள் விரலில் வைத்த மை பத்து நாள் போகவில்லை. “மையே இல்ல, அவ ஓட்டுப் போடல” என்று நிம்மதியாகச் சமையலறைக்குப் போனாள்.

அங்கே மை வைப்பதில்லை, ஸ்டிக்கர்தான் கொடுப்பார்கள் என்றும் ரேமண்ட் சொல்லியிருந்தான். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, உன் கோட்டில் மங்கலாகத் தெரியும் அந்த வட்டம் என்ன என்று கேட்டாள். சூப்பர்மார்க்கெட்டில் ஏதோ விளம்பரத்துக்கு ஒட்டியிருப்பார்கள் என்றேன்.

உன்னிடம் கேட்டால் நீயும் அதையே சொல்.

அப்பா