சம்பந்தி வாழ்த்திய ஆடு

கெகென்
செப்டம்பர்

அன்பு மகள் மர்ஜானுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் நலம். அஸ்தானாவில் இப்போதே குளிர ஆரம்பித்திருக்கும். ஆய்வுக்கூடமே கதி என்று சாப்பிடாமல் கிடக்காதே.

ஆய்வுக்காக நீ நம் பட்டியில் விட்டுப்போன ஆடுகளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதிக் கடிதம் உன் மண்டையில் ஏறாது. எல்லாம் நலம். ஆனால் ஒன்று மயிரிழையில் தப்பியது.

போன ஞாயிறு உன் தம்பியின் மாமனார் வீட்டார் வந்திருந்தார்கள். முதன்முதலாக வரும் சம்பந்திக்கு ஆடு அறுக்காவிட்டால் நாம் வெளியே தலைகாட்ட முடியுமா? நான் உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தேன். உன் தம்பி எர்கெபுலான் பட்டியிலிருந்து ஓர் ஆட்டை இழுத்துவந்து வாசலில் நிறுத்தினான். சம்பந்தி தொலேகென் இரு கைகளையும் ஏந்தி, அறுக்கும் முன் சொல்லும் வாழ்த்தையும் சொல்லி முடித்துவிட்டார். வாழ்த்திய ஆட்டை மாற்றினால் விருந்தாளியை அவமதித்ததாகிவிடும். அப்போதுதான் நான் எட்டிப் பார்த்தேன். காதில் நீ அடையாளத்துக்கு மாட்டிய நீல வில்லை! நீ முதுகில் கத்தி வைத்த ஆடு.

"அடப்பாவி, அது அக்காவோட ஆடுடா!" என்று கத்தினேன். அவன் முழிக்கிறான். "அக்கா ஆடுன்னா முதுகு போய் நொண்டிக்கிட்டு நிக்கும்னு நெனச்சேம்மா. இது வேலியைத் தாண்டிக் குதிக்குது. இருக்கறதிலேயே திடமானதாப் பாத்துப் பிடிச்சேன்" என்றான். அந்தக் கோபத்திலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வசந்தத்தில் வண்டியிலிருந்து இறங்கவே மாட்டேன் என்று முதுகை வளைத்து நின்ற ஆடு அது. ஓர் ஆடு குதித்தால் ஆகாது, படம் எடுக்க வேண்டும், மற்றவற்றோடு ஒப்பிட வேண்டும் என்பாய். அதெல்லாம் உன் பாடு. பெற்றவளுக்கு இது போதும்.

சம்பந்தி எதிரிலேயே கயிற்றைப் பிடுங்கிக்கொண்டேன். மருமகள் முகம் வெளுத்துவிட்டது. "இது அறுக்கிற ஆடு இல்லீங்க. முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற மெத்தை கெட்டுப்போன ஆடு. இதோட மஜ்ஜையிலேருந்தே உயிரணு எடுத்து வளர்த்து, கூழுல கலந்து என் பொண்ணு உள்ள வெச்சிருக்கா. மெத்தை திரும்ப வளருதான்னு உலகமே பாத்துக்கிட்டிருக்கு" என்றேன். உலகம் எங்கே பார்த்தது, வாய்க்கு வந்ததை அடித்துவிட்டேன்.

தொலேகென் தாடியைத் தடவிக்கொண்டே நின்றார். "குடுத்த வாழ்த்தைத் திருப்பி வாங்க முடியாது சம்பந்தி. அதை உங்க பொண்ணுக்கே குடுத்துடறேன். ஆனா எனக்கு வேற ஆடு வேணும், வயிறு காயுது" என்றாரே பார்க்கலாம்! உன் பெயரைச் சொல்லி மறுபடி கையேந்தினார். வாசலே சிரித்தது. அன்று முழுக்க உன் பேச்சுதான்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. முதுகு விட்டுப்போய், அவர் குதிரை ஏறி இரண்டு குளிர்காலம் ஆகிறது. சம்பந்தியை வழியனுப்பக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். இப்போது தினமும் காலையில் பட்டி வேலியில் சாய்ந்து நின்று அந்த ஒரே ஆட்டைப் பார்க்கிறார். கேட்டால், "சும்மா, எண்ணிப் பாக்கறேன்" என்கிறார். உனக்கு எழுதும்படி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நேற்று மட்டும் தன் சேணத்துக்கு எண்ணெய் போடச் சொன்னார். போட்டு வைத்திருக்கிறேன்.

உன் கைகளுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், மகளே. இந்தச் சிகிச்சை மனிதர்களுக்கு எப்போது என்று தெரிந்ததும், வேறு யாருக்கும் சொல்வதற்கு முன் இந்த வீட்டுக்கு ஒரு வரி எழுது.

உன் அம்மா,
ராபிகா