கற்பூரம் அணைக்காத செல்லமுத்துவின் தண்ணீர் முறை

அனுப்புநர்:
அ. கந்தவேல், பி.ஏ.,
முன்னாள் உயர்தரப் பள்ளி உதவி ஆசிரியர்,
ஈச்சம்பாளையம் கிராமம், மோகனூர் வழி,
நாமக்கல் தாலுக்கா, சேலம் ஜில்லா.

பெறுநர்:
கனம் ஜில்லா கலெக்டர் துரை அவர்கள்,
சேலம்.

பொருள்: ஈச்சம்பாளையம் விவசாயி செல்லமுத்துவின் வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீரை நிறுத்திய பஞ்சாயத்துத் தீர்ப்பை ரத்து செய்து, வேறு அதிகாரியைக் கொண்டு விசாரிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மனுவை இங்கிலீஷில் எழுத எனக்குத் தெரியும். இதன் நகல் ஒன்றை எங்கள் ஊர்ச் சாவடியில் ஒட்டப் போவதால் தமிழில் எழுதுகிறேன். யாரைப் பற்றி எழுதியிருக்கிறேனோ அவர்களும் படித்துக்கொள்ளட்டும். முதுகுக்குப் பின்னால் எழுதினான் என்ற பேச்சு எனக்கு வேண்டாம்.

2. எங்கள் ஊர் கிராம முன்சீப் சின்னண்ண கவுண்டர். பஞ்சாயத்துப் போர்டு பிரசிடெண்டும் அவரே. சில்லறை வழக்குகளை விசாரிக்கும் பஞ்சாயத்துக் கோர்ட்டுக்கும் அவரே தலைவர். வாய்க்கால் தண்ணீர் யாருக்கு எந்த நாள் என்று முறை வகுப்பவர் அவர். முறை தவறியவர் மடையைத் தலையாரியை விட்டு அடைப்பவரும் அவர். அடைத்தது சரிதானா என்று கேட்டால் சரி என்று தீர்ப்புச் சொல்பவரும் அவர். முன்சீப் வேலை காலியானபோது நானும் மனுப் போட்டேன் என்பதை வேறு யாராவது தங்களிடம் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பரம்பரைப் பாத்தியதை என்று, பள்ளிக்கூடத்தில் நாலாம் பாரம்கூடத் தேறாத அவருக்குக் கொடுத்தார்கள். அந்தக் கசப்பு எனக்கு இன்றும் உண்டு. நான் கசந்திருப்பதால் மடை அடைபட்டது பொய்யாகிவிடாது.

3. பள்ளிக்கூட வேலை போன பிறகு (அதற்குத் தனி மனு அனுப்பியிருக்கிறேன், பதில் வரவில்லை) வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் ஊர் வாசகசாலையில் பிற நாட்டு அரசாட்சி முறைகளைப் பற்றிப் பேசி வந்தேன். தை மாதம் முழுதும் அமெரிக்காவைப் பற்றிப் பேசினேன். ஆள்பவருக்கும் மேலாக ஒரு சட்டத்தை எழுதிவைத்து, அதற்கு அவரும் அடங்கியவர் என்று அந்நாட்டார் முடிவு செய்ததைச் சொன்னேன். சட்டம் செய்வது ஒரு கை, நடத்துவது ஒரு கை, நியாயம் சொல்வது ஒரு கை. ஒன்று மிஞ்சினால் மற்றொன்று பிடித்து நிறுத்தும் என்றேன். காங்கிரஸ் என்பது அங்கே கட்சியின் பெயரல்ல, சட்டசபையின் பெயர் என்று விளக்கவே ஒரு மாலை போயிற்று. சபை செய்த சட்டத்தைப் பிரசிடெண்டு வேண்டாமென்று திருப்பி அனுப்பும் அதிகாரத்துக்கு ‘வீட்டோ’ என்று பெயர் என்றதும் ஒருவர், “அந்த அதிகாரம் எங்க ஊட்டுல ஆத்தாளுக்கு இருக்குதுங்க” என்றார். குற்றவாளியா இல்லையா என்று பன்னிரண்டு குடிமக்கள் கூடிச் சொல்வதே ஜூரி என்றேன். “நம்மூர்ல பன்னண்டு பேரைக் கூட்டுனா பதிமூணு நாயம் வருமுங்க வாத்தியாரே” என்றார் இன்னொருவர். இந்த அளவில்தான் எங்கள் ராஜத் துரோகம் இருந்தது. அந்தச் சொல்லைப் போட்டுச் சின்னண்ண கவுண்டர் என்னைப் பற்றித் தங்கள் ஆபீசுக்கு எழுதியிருப்பதாகக் கேள்விப்படுகிறேன்.

4. ஒரு மாலை, கடைசி வரிசையில் உட்காரும் செல்லமுத்து எழுந்து, “குத்தவாளின்னு நிக்கறவன் வாயே தொறக்கலீன்னா அங்க என்ன பண்ணுவாங்க சாமி?” என்று கேட்டார். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி அங்கே ஒருவரையும் கட்டாயப்படுத்த முடியாது. பேசாமல் நிற்பது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது. குற்றம் சொன்னவர்தான் மெய்ப்பிக்க வேண்டும் என்றேன். இது அந்நாட்டுச் சட்டம், நம் ஊர்ப் பஞ்சாயத்தில் செல்லாது என்றும் அப்போதே சொன்னேன். “நாயம் எந்தச் சீமையில இருந்தா என்னங்க” என்று சொல்லி உட்கார்ந்தார். கூட்டம் தலையாட்டியது. தலையாட்டியவர்களில் சிலர் பிறகு பஞ்சாயத்தில் நின்று சிரித்தார்கள். அவர்கள் யார் யார் என்பது எனக்குத் தெரியும்.

5. மாசி பிறந்த பின், சின்னண்ண கவுண்டரின் வாழைத் தோட்டத்துக்குத் தண்ணீர் முறை வந்த நாளில், வாய்க்கால் கரையை யாரோ வெட்டிவிட்டார்கள். தண்ணீர் கீழே செல்லமுத்துவின் கொடிக்காலுக்குப் போய்விட்டது. வெட்டியதைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. செல்லமுத்துவின் மண்வெட்டியில் ஈரமண் இருந்ததாகத் தலையாரி சொன்னது ஒன்றே சாட்சியம். மாசி மாதத்தில் கொடிக்கால் வைத்திருப்பவன் மண்வெட்டியில் ஈரமண் இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். பிராது கொடுத்தவர் சின்னண்ண கவுண்டர். விசாரணைக்குத் தலைமை வகித்தவரும் சின்னண்ண கவுண்டர்.

6. எங்கள் ஊரில் வழக்கம் ஒன்று உண்டு. சாட்சி இல்லாத வழக்கில் மாரியம்மன் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றுவார்கள். ‘நான் செய்யவில்லை’ என்பவர் அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் வழக்கு அத்தோடு தீர்ந்தது. தயங்கினால் குற்றம் அவருடையது. அன்றும் ஏற்றினார்கள். “ஏப்பா செல்லமுத்து, நீ வெட்டலீன்னா அணைச்சுப்போட்டு ஊட்டுக்குப் போ. உன்னை ஆரு புடிச்சு வெச்சிருக்கறாங்க?” என்றார் முன்சீப். செல்லமுத்து கைகட்டி நின்றார். மறுபடியும் கேட்டபோது, “வெட்டுனேன்னு சொல்றவங்க காட்டட்டுங்க. நான் எதுக்குங்க அணைக்கோணும்?” என்றார். கூட்டத்தில் ஒருவர், “அமெரிக்காக்காரரு பேசறாருங்க, எல்லாருங் கேட்டுக்கோங்க” என்றதும் சிரிப்பு எழுந்தது. கற்பூரம் தானாகவே எரிந்து தீர்ந்தது. அதையே ஒப்புதலாகக் கொண்டு தீர்ப்பாயிற்று: கற்பூரம் அணைக்கும் வரை செல்லமுத்துவுக்குத் தண்ணீர் முறை கிடையாது. மறுநாளே மடையை அடைத்தார்கள். வாசகசாலைக்கும் பூட்டுப் போட்டார்கள்.

7. வெற்றிலைக் கொடி வாடினால் மறு மழைக்கு எழுந்து நிற்காது. இன்று அந்தக் கொடிக்காலில் கொடி ஏறிய அகத்தி மரங்கள்தான் பச்சையாக நிற்கின்றன. அடிக்கொடியில் இலை சுருண்டுவிட்டது. அந்தக் குடும்பத்துக்கு வேறு நிலம் இல்லை. செல்லமுத்துவின் மனைவி பொன்னாயி என் வீட்டு வாசலுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “ஏனுங்க வாத்தியாரே, அந்தச் சீமையில பேசாம நின்னா உட்டுருவாங்கன்னீங்க. இங்க பேசாம நின்னா கொடி காயுதுங்க. நீங்க அந்தச் சீமைக்கே ஒரு கடுதாசி போட்டு மடையைத் தொறக்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சீமைக்கு எழுத வழியில்லாததால் தங்களுக்கு எழுதுகிறேன்.

8. எங்களுக்கு அமெரிக்கச் சட்டத்தைக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. குற்றம் சாட்டியவரே மெய்ப்பிக்க வேண்டும் என்பது நம் சர்க்கார் சட்டத்திலும் இருக்கிறது. தன் வழக்கில் தானே நியாயாதிபதியாக உட்காரக் கூடாது என்பதற்குக் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. கற்பூரத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் சட்டம் எதையும் நான் படித்ததில்லை. பயிருக்குத் தண்ணீரை நிறுத்துவதைத் தண்டனையாக விதிக்கப் பஞ்சாயத்துக் கோர்ட்டுக்கு அதிகாரம் இருப்பதாகவும் எனக்குத் தெரியவில்லை. இருந்தால் எந்தப் பிரிவு என்று எழுதிக் காட்டும்படி சின்னண்ண கவுண்டருக்குத் தாங்கள் உத்தரவிட வேண்டும்.

9. வருகிற வெள்ளிக்கிழமை மறுபடியும் கற்பூரம் ஏற்றப் போகிறார்கள். அன்றும் அவர் அணைக்காவிட்டால் தண்ணீர் முறையையே வேறொருவருக்கு மாற்றிவிடுவதாகப் பேச்சு. ஆகையால் அதற்கு முன் மடையைத் திறக்கத் தந்தி மூலம் உத்தரவிடவும், பிராதை நாமக்கல்லிலிருந்து வரும் ஒரு அதிகாரி விசாரிக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். என் மேல் குற்றமிருந்தால் அதைத் தனியாக விசாரியுங்கள். நான் பதில் சொல்லத் தயார். அந்தக் கணக்கைக் கொடிக்காலில் தீர்க்க வேண்டாம்.

10. இம்மனுவில் செல்லமுத்துவின் கையெழுத்து இல்லாததைத் தாங்கள் கவனிப்பீர்கள். கொடிக்காலுக்கே கொண்டுபோய் முழுவதும் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “நல்லாத்தானுங்க எழுதியிருக்கறீங்க. நான் வெட்டலீன்னு அதுல ஒரு வரி இல்லீங்க பாருங்க, அதுதானுங்க எனக்குப் புடிச்சுது. ஆனா கையெழுத்து வெக்கமாட்டேன். குத்தஞ் சொன்னவரு மொதல்ல வெக்கட்டுங்க” என்றார். பொன்னாயி எங்கள் இருவரையும் பார்க்காமல் ஆற்றிலிருந்து குடத்தில் கொண்டுவந்த தண்ணீரைக் கொடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். கரையைச் செல்லமுத்து வெட்டினாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. தாங்கள் விசாரித்து, வெட்டியவர் அவரே என்று சாட்சியத்தோடு தெரியவந்தால் அவரைத் தண்டியுங்கள்; நான் குறுக்கே வரமாட்டேன். அதுவரை தண்ணீரை விடச் சொல்லுங்கள்.

இடம்: ஈச்சம்பாளையம்
தேதி: 9-3-1936

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
அ. கந்தவேல்
(ஒப்பம்)